கொய்யா இலையும் அன்னபேதியும்: சுமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். வேண்டிய மட்டும் திட்டிக்கொள், ஆனால் இதைக் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஜோதிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெரிய டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார். உன் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன்.

அம்மா போனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, தை பிறந்ததும் வீட்டை இடிக்கிறார்கள், கொல்லைக் கொய்யாவும் போகப்போகிறது, மகன் வாங்கித்தந்த வர்ணம் தீட்டும் புத்தகத்தை இரண்டு பக்கத்தோடு மூடிவிட்டேன், எனக்குப் படம் வரவே வராது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இத்தனை பக்கமும்.

அந்தப் புத்தகம் கிடக்கட்டும். நீ செய்ய வேண்டியது இலை அச்சு. கொல்லைக் கொய்யாவின் இலையை அம்மாவின் சந்தனக் கலர் வாயில் ரகப் புடவையில் பதித்து எடுக்கலாம். பிரஷும் வேண்டாம், வரையவும் தெரிய வேண்டாம். இலையில் இருக்கிற துவர்ப்பும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்து இலையின் உருவத்தை நரம்போடு துணியில் எழுதிவிடும். உனக்கு அதில் இருக்கும் வேலை பொறுக்குவது, அடுக்குவது, இறுக்கிக் கட்டுவது, அப்புறம் காத்திருப்பது.

படம் வராதே என்ற கவலைக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 2016-இல் அமெரிக்காவில் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமலும் அவர் குழுவும் 39 பேரைக் கூப்பிட்டு, களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுவதற்குக் காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் எவ்வளவு என்று பார்த்தார்கள். மனஅழுத்தத்தில் ஏறுகிற சுரப்பு அது. முக்கால்வாசிப் பேருக்கு இறங்கியிருந்தது. ஏற்கெனவே பழகியவர்களுக்கும் முதல் தடவை செய்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இன்னொன்று 1984-இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்டது. பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கைக்காரர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமாத்திரையும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. உன் அடுப்படி ஜன்னலில் நாற்பது வருஷமாக அந்தக் கொய்யா நின்றது. அது போவதை நினைத்து நெஞ்சு அடைக்கிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லையடி.

அதே சமயம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இது மருந்துக்குப் பதில் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தூக்கம் இப்படியே கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், இருந்து என்ன பயன் என்று ஒரு நிமிஷம் தோன்றினாலும் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது. அந்த நேரத்தில் எனக்குப் போட்டாலும் எடுப்பேன்.

இனி வேலை. முதலிலேயே அம்மா புடவையில் கை வைக்காதே. ஒரு பழைய பருத்தி வேட்டியில் குறைந்தது மூன்று தடவை செய்து பார், கை பழகட்டும். புடவையும் பருத்திதானா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் வாயில் என்று விற்றதில் பாலியெஸ்டர் கலந்தது நிறைய உண்டு. ஓர் இழையை உருவிக் கொளுத்து. காகிதம் மாதிரி எரிந்து மெத்தென்ற சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி, கடுகு மாதிரி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் பாலியெஸ்டர், அதில் ஒன்றும் பிடிக்காது.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி 100 கிராம், அன்னபேதி 50 கிராம் வாங்கு. அன்னபேதி வெளிர்ப் பச்சைக் கல்லாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பில் இருந்தால் பழசு, வேண்டாம் என்று சொல்லிவிடு. பேரன் வருகிற வீடு, அதனால் அதை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டு. இரும்புச் சத்து தெரியாமல் குழந்தை வயிற்றுக்குள் போனால் ஆபத்து. பாத்திரங்களையும் தனியாக ஒதுக்கிவிடு. இதற்கு எடுத்த இட்லிக் கொப்பரையில் அப்புறம் இட்லி ஊற்றக் கூடாது.

100 கிராம் துணிக்குக் கணக்குச் சொல்கிறேன். காய்ந்த துணியை நிறுத்துப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள். முதலில் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக வேண்டும். ஒரு டீஸ்பூன் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு அலசு. வெளுப்பாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதே. பலருக்கு அச்சு திட்டுத்திட்டாக வருவது இந்த இடத்தில் சோம்பியதால்தான். அடுத்தது கடுக்காய். 20 கிராம் பொடியை ஒரு லிட்டர் வெந்நீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டு. துணி முங்குகிற அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, இரண்டு மணி நேரம் ஊறவை, அவ்வப்போது புரட்டிக்கொடு. பிழிந்து, அலசாமல், அப்படியே காயப்போடு. துணி மோர் நிறத்துக்கு வந்திருக்கும்.

இது நமக்குப் புதிதில்லை. உங்கள் தஞ்சை மாவட்டத்துக் கருப்பூர்க் கலம்காரித் துணி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கலம்காரியிலும் கடுக்காய்தான் அடிப்படை. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து, அந்தக் கரைசலால் கடுக்காய் ஏறிய துணியில் கோடு இழுத்தால் கறுப்பாகும். நீயும் பார். கடுக்காய்த் துணியின் ஒரு மூலையில் அன்னபேதித் தண்ணீரை ஒரே ஒரு சொட்டு விடு. விழும்போது அது வெறும் தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமாகி, ஓரத்திலிருந்து கருநீலமாகக் கறுக்கும். அப்படிக் கறுக்கவில்லையென்றால் மேலே போகாதே. கடுக்காய் ஏறவில்லை, அல்லது அன்னபேதி செத்துப்போனது.

இலை பறிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, உனக்கும் அதுதான் வேண்டும். ஐப்பசி மழையில் இலை தண்ணீர் குடித்துப் பூரித்திருக்கும், அச்சு வெளிறிப்போகும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு காலையில் போய்ப் பறி. மரத்தடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார். கொய்யா இலையின் பின்பக்கம் நரம்பு புடைத்துக்கொண்டு இருக்கும். நடு நரம்பிலிருந்து வரிசையாகக் கிளம்பி, விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் வளைந்து அடுத்த நரம்போடு கைகோத்துக்கொள்ளும். அந்தப் பக்கம்தான் துணியைத் தொட வேண்டும். முற்றிய இலை பத்து, நடுத்தரம் பத்து எடு. புழு அரித்த இலையை ஒதுக்காதே. அந்த ஓட்டை வெள்ளையாகத் துணியில் விழும், முழு இலையைவிட அதுதான் கண்ணை இழுக்கும். கூடவே ரோஜா இலை, ஆமணக்கு இலை, மாதுளைத் தோல் எல்லாம் நன்றாகப் பிடிக்கும். தேக்கங்கொழுந்து கிடைத்தால் விடாதே. சின்ன வயதில் உள்ளங்கையில் தேய்த்துச் சிவக்க வைப்போமே, அதே சாயம் துணியில் செம்மை கலந்த ஊதாவாக வரும். கீரை, முருங்கை மாதிரித் துவர்ப்பில்லாத பச்சை இலைகள் பிரயோஜனப்படாது. அந்தப் பச்சை சில நாளில் வெளுத்துவிடும். எருக்கும் அரளியும் கிட்டவே வரக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல்.

ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் அன்னபேதி கரைத்து, இலைகளைப் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, பழைய துணியில் ஒற்று. இலை சொட்டக் கூடாது. அரை டீஸ்பூன் என்றால் அரை டீஸ்பூன்தான் சுமதி. ரசத்துக்கு உப்பு போடுகிற மாதிரி இதிலும் கையை வீசிவிடாதே! இரும்பு கூடினால் இலை தெரியாது, துணி முழுக்க மழைமேகமாகிவிடும். அதோடு போகாமல், வருஷக்கணக்கில் நூலையும் அரிக்கும். கையுறை போட்டுக்கொள்.

துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு விழாதபடி பிழிந்து விரி. பாதியில் இலைகளை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மீதிப் பாதியை அதன் மேல் மடி. தடித்த காம்பைக் கிள்ளிவிடு, இல்லாவிட்டால் காம்பைச் சுற்றித் துணி தூக்கிக்கொண்டு இலை துணியைத் தொடாது. இதன் மேல் வேண்டாத துணி ஒன்றை விரித்து, இரண்டையும் சேர்த்து ஓரடி மூங்கில் கழியில் சுருட்டு. அந்த வேண்டாத துணி எதற்கென்றால், ஒரு சுற்றின் சாயம் அடுத்த சுற்றில் போய் நிழலாக விழாமல் இருக்க. சுருட்டும்போது இரண்டு கையாலும் இழுத்துப் பிடி. பிறகு நாடாவால் இடைவெளி விடாமல் வரிந்து கட்டு. விரலால் அழுத்தினால் கழியே தட்டுப்பட வேண்டும். அச்சு கலங்கிப்போவதற்குப் பத்துக்கு எட்டுக் காரணம் தளர்ந்த கட்டுதான்.

கொப்பரையில் தண்ணீர் கொதித்ததும் தட்டின் மேல் வைத்து ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகட்டும். தண்ணீர் சுருட்டைத் தொடக் கூடாது, வற்றவும் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை பக்கத்தில் வெந்நீர் விடு. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அதன் பிறகு உடனே பிரிக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும், பாண்டிச்சேரியில் அந்த அல்வாப் பொட்டலத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும் ஆகும். ராத்திரி முழுக்க ஆறட்டும். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், போய்த் தொட்டுப் பார். சூடு இருக்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து படு. அந்த நேரத்தில் மனசு போய் நிற்பதற்கு வேறொரு இடம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமான வேலையாகப் பார்த்து உனக்குச் சொல்கிறேன். விடிந்ததும் காபிக்கு அப்புறம் பிரி. வெந்த இலை சுருங்கிப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். காம்புப் பக்கம் பிடித்து மெதுவாக உரி. அடியில் விளிம்பு கருமையாகவும் நடுவில் நரம்பு நரம்பாகவும் இலை கிடக்கும். நிழலில் காயப்போட்டு, ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, சோப்புக் காய் நுரையில் அலசு.

மூன்று வேட்டித் துண்டு ஆனதும் புடவைக்கு வா. புடவையைக் கடுக்காயில் போடுவதற்கு முன் முந்தானையிலிருந்து ஒரு முழத்தை வெட்டித் தனியாக வைத்துவிடு. அது அம்மா கட்டியபடியே இருக்கட்டும். மிச்சத்தை இரண்டு முழத் துண்டுகளாக்கிச் செய். புடவை முழுசாக ஒரே சுருட்டில் வேகாது. நைந்த துணி என்பதால் அன்னபேதி கால் டீஸ்பூன் போதும். சந்தனக் கலர் கடுக்காயில் கொஞ்சம் மங்கும், அதற்காகப் பதறாதே. தலையணை உறையாகத் தைப்பதென்றால், எலுமிச்சையும் புளியும் படாமல் பார்த்துக்கொள். புளிப்பு பட்ட இடத்தில் கறுப்பு கரைந்து வெள்ளைப் பொட்டாகிவிடும். மஞ்சள் பொடியும் தூவலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதே. சோப்பு பட்டால் சிவக்கும், வெயிலில் வெளுத்துப்போகும். மஞ்சள் நிறம்தான் வேண்டுமென்றால் துலுக்கச் சாமந்தி இதழ் போடு. அதற்குக் கடுக்காய்க்குப் பிறகு 15 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் துணி ஒரு ராத்திரி ஊற வேண்டும்.

அடைமழை பிடித்து இதெல்லாம் நடக்காத நாளில், இலையை நரம்பு மேலே பார்க்கும்படி வைத்து, மெல்லிய தாளை மூடி, பேரனின் கிரேயானைப் படுக்கைவாட்டில் தேய். பத்து நிமிஷ வேலை, அவனையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதே. தம்பியிடம் சொல்லி இந்த வாரமே மரத்தில் விண்பதியம் இரண்டு போடச் சொல். பென்சில் கனக் கிளையில் ஓர் அங்குலம் சுற்றிலும் பட்டையை எடுத்துவிட்டு, ஈரத் தென்னை நார்க் கழிவை வைத்து, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். தைக்குள் வேர் விட நாள் இருக்கிறது. ஒன்று உனக்கு, இன்னொன்று எனக்கு. வேர் வெளியே தெரிந்த பிறகு வெட்டச் சொல், அவன் அவசரப்பட்டுவிடுவான்.

முதல் வேட்டித் துணியின் எடையை எழுது. அன்னபேதிச் சொட்டு எவ்வளவு நேரத்தில் கறுத்தது என்றும் எழுது. அந்த மூலையை வெட்டிக் கடிதத்தோடு வைத்து அனுப்பினால் கடுக்காய் போதுமா என்று பார்த்துச் சொல்லிவிடுவேன்.

உன்
கமலா