ஆல்ட்டோ வாங்கிய மகளுக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அலாய் வீல், டச் ஸ்கிரீன், எல்இடி ஹெட்லைட், புது சீட் கவர், கடைசியில் பெரிய ஹாரன். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் கார், அழகு பார்க்க ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பட்டியலில் பிரேக் இல்லை, டயர் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வாங்கியது நல்ல வண்டி. 2011 ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ என்று நீ சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் அத்தனை வருடம் உட்கார்ந்தவள் நான். ஒரு வண்டிக்குச் சாமான் கிடைக்காமல் ஆள்கள் ஊர் ஊராய் அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஆல்ட்டோக்காரர் யாரும் அப்படி அலைந்ததில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2000இல் வந்த ஆல்ட்டோ, இரண்டிலும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். உன் வண்டியில் ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, சுமார் 47 குதிரைத்திறன். இந்தக் குடும்பத்து எஞ்சினைத் திறந்து பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருப்பாரா என்பது சந்தேகம். சின்ன வண்டியின் உண்மையான பலம் மைலேஜ் மட்டும் இல்லை, இதுவும்தான். எந்த ஊரில் நின்றாலும் அந்தத் தெருவிலேயே அதைச் சரிசெய்ய ஒரு ஆள் இருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டியில் புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன்னால், கம்பெனியிலிருந்து அது எப்படி வந்ததோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டிக்கு அலாய் வீல் போடுகிறார்கள், ரேடியேட்டர் அடைத்த வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறார்கள். சரியான நிலைக்குத் திரும்பிய ஆல்ட்டோவை ஓட்டிப் பார்த்தால், நீ கேட்ட சாமான்களில் பாதி உனக்கே தேவைப்படாது.

முதல் செலவு டைமிங் பெல்ட், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட். முந்தைய ஓனர் மாற்றியதற்கு பில் வைத்திருக்கிறாரா என்று கேள். "மாத்தியாச்சுங்க" என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். உன் எஞ்சினில் இருப்பது ரப்பர் பெல்ட். பிறகு ஆல்ட்டோவில் வந்த கே10 எஞ்சினில் செயின், அதற்கு இந்தக் கவலை இல்லை. பெல்ட்டைப் பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவார்கள், ஆனால் பதினைந்து வருடத்து ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்து அறுவதில்லை. ஓடும்போது அறுந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். மேடவாக்கம் சாலையில் உனக்குப் பின்னால் தண்ணீர் லாரி வரும்போது அது நடக்கக் கூடாது. பெல்ட் மாற்றும்போதே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் மாற்றச் சொல். பக்கத்தில் ஆயில் சீல் கசிகிறதா என்று எட்டிப் பார்க்கச் சொல். கழற்றுகிற கூலி ஒன்றுதான்.

அடுத்தது பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் சக்கரத்து பேட் தேய்ந்தால் கிறீச்சென்று சத்தம் வரும், யாராவது கவனித்துவிடுவார்கள். பின்னால் இருக்கும் டிரம்மை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. உள்ளே வீல் சிலிண்டர் மெதுவாகக் கசிந்து, பிரேக் ஷூ நனைந்து, பிடிப்பே போயிருக்கும். முன் பிரேக் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதோடு பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் ஆவியானால் பெடல் தரைவரை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டிய சாமான் அது. பதினைந்து வருடமாக மாற்றாத வண்டிகள் எங்கள் கடை வாசலில் நின்றிருக்கின்றன, காபி நிறத்தில் ஆயில் வடியும்.

டயருக்கு வருவோம். வண்டியை விற்பதற்கு முன்னால் டயருக்குக் கறுப்பு பாலிஷ் அடித்துவிடுவார்கள், புதுசு மாதிரி தெரியும். அதை நம்பாதே. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. நாலு டயரையும் பார், ஸ்டெப்னியையும் பார். ஆறு வருடம் ஆகியிருந்தால் மேல் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடு. ரப்பர் இறுகிப்போனால் மழை ரோட்டில் வழுக்கும்.

அலாய் வீல் ஆசையை முழுக்கத் தடுக்க மாட்டேன். உன் வண்டியோடு வந்த டயர் அளவு 145/80 ஆர் 12, அதாவது 12 இன்ச் ரிம், மொத்த விட்டம் சுமார் 537 மில்லிமீட்டர். 155/65 ஆர் 13 போட்டால் சுமார் 532. வித்தியாசம் சொற்பம், ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, கொஞ்சம் அகலமான பிடிப்பும் கிடைக்கும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி டயர் எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு. 14 இன்ச் பக்கம் போகவே வேண்டாம். சின்ன எஞ்சின், பெரிய சக்கரத்தை உருட்டத் திணறும், ஸ்டீயரிங் கனக்கும், பள்ளத்தில் விழும் அடியெல்லாம் நேராக சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்குப் போகும். இன்னொன்று, இரும்பு ரிம் பள்ளத்தில் வளைந்தால் தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடும். உங்கள் ஏரியா ரோட்டை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வண்டி நிற்கும்போது கைப்பிடியெல்லாம் நடுங்குகிறது என்று சொன்னாயே. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குக் கொஞ்சம் நடுக்கம் இயல்பு. பல் கிட்டிக்கிற அளவு நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். ஒன்று மட்டும் கறுத்தோ நனைந்தோ இருந்தால் அங்கேயிருந்து தேட ஆரம்பிக்கலாம். பிளக்கைப் பார்க்காமலே எஞ்சினை இறக்கணும் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றாதே. சென்னைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று உன் வீட்டு பக்கெட்டின் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், அதே உப்பு எஞ்சினுக்குள்ளும் படியும். கூலண்ட் மட்டும்தான். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் உடனே ஏசியை அணைத்துவிட்டு ஓரம் கட்டு. எஞ்சினின் அலுமினியத் தலை சூட்டில் வளைந்தால் ஹெட் கேஸ்கட் போகும், அது பெரிய செலவு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இதை உன் பிரெண்டுகளுக்கும் சொல், மூடி தெறித்துக் கை வெந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சாமான் வாங்குவது பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்? பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாம், தப்பில்லை. கதவு, கண்ணாடி, சைடு மிர்ரர், கதவுக் கைப்பிடி, சீட், பம்பர் இதெல்லாம் அங்கே பழசாக வாங்கலாம். நல்ல கம்பெனிக் கதவு, டூப்ளிகேட் புதுக் கதவைவிடப் பொருந்தி உட்காரும். ஆனால் பிரேக் சம்பந்தப்பட்ட எதையும், லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், பெல்ட், ரப்பர் ஹோஸ், டயர் எதையும் பழசாக வாங்காதே, எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும். கம்பெனி ஜெனுயின் பாக்கெட் என்றால் ஹாலோகிராம், விலை அச்சு, பார்ட் நம்பர் மூன்றையும் பார். விலை அதிகமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுப்பவர்களே தங்கள் பெயரிலும் கடைகளுக்கு விடுவார்கள். பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும், அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் பிரிவும் என்று நீ இருக்கிற ஊரிலேயே இத்தனை தொழிற்சாலை. பெயர் தெரிந்த பெட்டி, பில்லோடு. பில் இல்லாத பிரேக் பேட் வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஹெட்லைட் மங்கல் என்று நீ சொல்வது நியாயம். ஆனால் எல்இடி பல்பு வேண்டாம். அந்தக் கிண்ணம் ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்தது, வேறு பல்பு போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரில் வருபவர் கண்ணில் விழும். 100 வாட் பல்பும் வேண்டாம், பழைய வயரும் ஹோல்டரும் உருகும். அதே 60/55 வாட் பல்பைப் புதிதாகப் போட்டு, ரிலேயோடு ஒரு வயரிங் செட் மாட்டு. இப்போது சுவிட்ச் வழியாகப் போகும்போதே வோல்டேஜ் குறைந்துவிடுகிறது, ரிலே வைத்தால் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். மஞ்சளித்த கண்ணாடியையும் பாலிஷ் போடு. நீ கேட்டதில் நான் முழுமனதோடு ஆமோதிக்கும் அப்கிரேடு இதுதான்.

டச் ஸ்கிரீன் வைத்துக்கொள், ரிவர்ஸ் கேமராவோடு வை. ஒரே நிபந்தனை, கம்பெனி வயரை வெட்டக் கூடாது, கப்ளர் போட்டு இணைக்கணும், ஃபியூஸ் இருக்கணும். பல சுரத்தில் கத்தும் ஹாரனுக்குச் சட்டத்தில் இடமில்லை, அதை விட்டுவிடு. யாரோ கே10 எஞ்சின் மாற்றலாம் என்று சொன்னார்களாம். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், ஏற்றாமல் எஞ்சின் மாற்றினால் நாளைக்கு இன்சூரன்ஸும் வராது, விற்கவும் முடியாது. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்.

ஆர்சி என்றதும் ஞாபகம் வருகிறது. 2011 வண்டிக்கு 2026இல் பதினைந்து வருடம் முடிகிறது. எந்த மாதம் என்று ஆர்சியில் பார். முடிவதற்கு 60 நாளுக்கு முன்னாலிருந்தே ஃபார்ம் 25இல் விண்ணப்பிக்கலாம், வண்டியை நேரில் காட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சோதனைக்கு, போகும்போது டிங்கரிங் வேலை, லைட், பிரேக் எல்லாம் முடிந்திருக்கணும். அதற்கும் சேர்த்துத்தான் இந்த வரிசை.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். உன் வண்டி செய்த காலத்தில் அதை நினைத்து ரப்பர் போடவில்லை. பெட்ரோல் ஹோஸ் வெடித்திருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதே, எத்தனால் ஈரத்தை இழுக்கும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்திருந்தால் குத்திவிடு. காலடி விரிப்பைத் தூக்கித் தரையில் கை வைத்துப் பார். ஈரம் இருந்தால் கீழே துரு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மழைக்காலம் வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவதை டிவியில் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நீயும் முதல் எச்சரிக்கை வந்தவுடனே மேடான இடமாகப் பார்த்து வண்டியை ஏற்றிவிடு. ஒருவேளை தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்த பிறகு ஆசைக்குக்கூட சாவியைத் திருப்பாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்.

இனி நான் சொல்வது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். இது ஊருக்குள் ஓட்டும் வண்டி. எடை முக்கால் டன்கூட இல்லை, ஏர்பேக் இல்லை. உன் வண்டிக்கு அடுத்து வந்த ஆல்ட்டோ 800ஐ 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத அந்த மாடலுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. உன்னுடையது அதற்கும் மூத்தது. என்ன அப்கிரேடு செய்தாலும் அந்த உடம்பை மாற்ற முடியாது. ஆபீஸுக்குப் போ, மார்க்கெட்டுக்குப் போ, பெல்ட் போட்டுக்கொண்டு ஈசிஆரில் காலையில் மெதுவாகப் போய்விட்டு வா. பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போடணும். ஆனால் தீபாவளிக்கு ராத்திரியில் ஜிஎஸ்டி ரோட்டில் ஆம்னி பஸ்களுக்கு நடுவே அதை ஓட்டிக்கொண்டு திருச்சிக்கு வராதே. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கிக்கொண்டு வா. அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்.

இந்த மாதச் சம்பளத்தில் டைமிங் பெல்ட், பிரேக், கூலண்ட். அடுத்த மாதம் டயரும் ஹெட்லைட்டும். ஸ்கிரீன் அதற்கு அப்புறம், அதை நான் வாங்கித் தருகிறேன், உன் பிறந்தநாள் கணக்கில். சனிக்கிழமை வண்டியைத் தூக்கும்போது நீ பக்கத்திலேயே நில். பின் டிரம் இரண்டையும் கழற்றச் சொல்லி உள்ளே போட்டோ எடுத்து அனுப்பு. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள். மெக்கானிக் விலை சொன்னதும் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு, பார்ட் நம்பரைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா