ஆண்டறிக்கை 2024–25 (நாற்காலி விவகாரத்துக்கான பதிலும் இதிலேயே)

நம் மூத்த குடிமக்கள் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அக்டோபர் 1 முதியோர் தினம், வடை பாயசத்தோடு. காலமான மூன்று உறுப்பினர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை தலைவரும் நானும் மட்டும் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம், அதையும் கூட்டமென்றே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இனி நாற்காலி. செயலாளர் யாரையும் கேட்காமல் நாற்காலி வாங்கினார், அதுவும் இரண்டு ரகமாக வாங்கினார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக ஓடுகிறது. ஏன் வாங்கினேன் என்று சொல்ல ஆனி மாதத்துக்குப் போக வேண்டும். அப்போது வேன் பிடித்து சுவாமிமலை போனோம் அல்லவா, கும்பகோணத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம், 22 பேர். அந்தக் கோயில் படிகள் 60, ஒவ்வொன்றும் ஒரு தமிழ் வருடம். நான் பிறந்தது கர வருடம், எண்ணிப் பார்த்தால் 25ஆவது படி. அங்கேயே எனக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர், "நீங்களாவது பிறந்த வருஷம் வரை வந்தீங்க சார், எனக்கு இன்னும் நாலு படி பாக்கி" என்றார். ஒன்பது பேர் மேலே ஏறவே இல்லை, கீழே செருப்புக்குக் காவல் இருந்தார்கள்.

திரும்பி வந்ததும் உடற்பயிற்சி வகுப்புக்கு ஏற்பாடு செய்தேன். முதலில் வந்த பயிற்சியாளர் எல்லாருக்கும் ஒரே ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். தரையில் படுத்துக் காலைத் தூக்க வேண்டும், இருபது தடவை. தூக்கியும் விட்டோம், ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. மறுநாள் பாதிப் பேருக்கு இடுப்புப் பிடிப்பு, மூன்றாவது வாரம் வந்தவர்கள் நாலே பேர். அவரைக் குறை சொல்லவில்லை, 30 வயது ஆளுக்கு அது நல்ல தாள்தான்.

இப்போது வருகிற பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாள் எதுவுமே செய்யச் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார், வீட்டில் எத்தனை படி, கட்டில் எவ்வளவு உயரம், கழிவறை எந்த வகை, கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இதய வேகத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பை வைத்து அளவு சொல்ல முடியாதாம், அது அவ்வளவாக ஏறாது. அதனால் செய்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்க்கிறார், பேச்சு திணறினால் நிறுத்தச் சொல்கிறார். எலும்பு மெலிந்து எளிதில் உடையக்கூடியவர்களுக்கு முன்னால் குனிகிற பயிற்சியே கிடையாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரக்கூடாது. எல்லாரும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். எடைக்கு எதுவும் வாங்கவில்லை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, அவ்வளவுதான்.

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் உள்ள நம் உறுப்பினருக்கு நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் ஹாலின் குறுக்கே ஒரு அடிக்கு ஒன்றாகக் கலர் டேப் ஒட்டினார். கோட்டைத் தாண்டுங்க தாத்தா என்றால் தாண்டிப் போகிறார். டேப்பைப் பார்த்துவிட்டு, தரையைப் பாழாக்கிவிட்டார்கள் என்று ஒரு புகார் வந்தது. அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

நாற்காலிக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் வைக்கிற சோதனைகள் இரண்டு. ஒன்று, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறோம் என்பது. 75 முதல் 79 வயது ஆணுக்கு 11க்குக் கீழே, பெண்ணுக்கு 10க்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல். அதற்குக் கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயர நாற்காலி வேண்டும். இன்னொன்று, எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காருவது, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அதற்குக் கைப்பிடி உள்ளது வேண்டும். நம்மிடம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் டைல்ஸில் வழுக்கும், சாய்ந்தால் கால் விரியும். இதற்குத்தான் இரண்டு ரகம். செயற்குழுவைக் கேட்கவில்லை என்பது சரி. குழு வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இந்த வயதுக்கு மேல் எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அங்கே தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று செய்யவில்லை, நல்ல கனமாகவே கொடுத்து, படிப்படியாகக் கூட்டியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கும் அந்தப் பெண் பாட்டிலில் கால், அரை, முக்கால் என்று கூட்டிக்கொண்டேதான் போகிறார். வயதுக்கு ஏற்ற மாதிரி என்றால் சும்மா கையை ஆட்டுவது என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

தை மாதம் மறுபடி சுவாமிமலை போனோம். இம்முறை 14 பேர்தான், எல்லாரும் வகுப்புக்கு வருகிறவர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில், கைத்தடி நோகிற காலுக்கு எதிர்க் கையில். 12 பேர் மேலே போனோம். தமிழாசிரியர் 60ஆவது படியில் நின்று "அட்சய" என்று சத்தமாகச் சொன்னார், பின்னால் வந்தவர்கள் திருதியைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று முழித்தார்கள். இறங்கும்போது எனக்கு வலது முட்டி கொஞ்சம் வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு: வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு, காரணம் உங்களுக்கே தெரியும், அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். விவரம் வேண்டுவோர் பொருளாளர் வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்க்கலாம், மதியம் தூங்குகிற நேரம் தவிர. 64 உறுப்பினர்களில் 27 பேர் சந்தா பாக்கி. பேர் படிக்கப் போவதில்லை. ஆனால் முதியோர் தினத்தன்று இலை போட்டபோது எண்ணினேன், 70 இலை.

ஹால் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், காபி போட்ட அம்மாவுக்கும், துணைத் தலைவருக்கும் (அவர் இந்த வருடம் பேத்தி கல்யாணத்தில் இருந்தார்) நன்றி.

அடுத்த வருடம் எனக்கு 74 முடிகிறது. செயலாளர் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டால் சாவியும் நோட்டும் தயார், மனக்கசப்பு எதுவும் இல்லை. யாரும் வராவிட்டால் நானே இழுத்துக்கொண்டு போகிறேன். ஹால் கழிவறையில் சுவரோரம் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வைக்க வேண்டும், கொத்தனாரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைச் சும்மா அவர்கள் காதில் போட்டு வைக்கலாம்.

வகுப்பு செவ்வாய், வியாழன், சனி மாலை நாலரைக்கு. செருப்பு வாசலில் விடாமல், பின்வார் உள்ளதாகப் போட்டுக்கொண்டே வரவும். ரசீது புத்தகம் இனிமேல் என் வீட்டில் இருக்காது, ஹாலில் தண்ணீர் பாட்டில்கள் வைத்திருக்கும் மேஜையில் இருக்கும்.

செயலாளர்