பொம்மை செய்யும் கைகளுக்கு நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நவராத்திரி நெருங்குவதால் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளில் கொலு பொம்மைகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்ற வழக்கத்தை இங்குள்ள பல குடும்பங்கள் விடாமல் காத்துவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தப் புதுப் பொம்மையைத் தம் கையாலேயே செய்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். துயரத்தில் இருப்பவருக்கு அந்தக் கைவேலை எவ்வளவு பெரிய துணையாகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தாயார் காலமானார். கடைசி நான்கு ஆண்டுகள் முதுமை மறதி நோயால் என்னை யாரென்றே அறியாமல் இருந்தார். காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, அவருடைய சுங்குடிச் சேலைகளை யாருக்கும் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை, உடுத்தவும் முடியவில்லை. எட்டு மாதங்கள் அந்த அலமாரியைத் திறக்கவே இல்லை. பிறகு ஒருநாள், முந்தானை கிழிந்திருந்த சேலை ஒன்றை எடுத்து, சிறுவயதில் அம்மா பழந்துணியில் எனக்குச் செய்துகொடுத்த பொம்மையை நினைவில் வைத்துக்கொண்டு, நானே ஒன்றை வெட்டித் தைக்கத் தொடங்கினேன். ஒரு முழ உயரமுள்ள அந்தப் பொம்மையை முடிக்கப் பதினொரு வாரங்கள் ஆயின.

துணியை இரண்டாக மடித்து உருவத்தை வரைந்து, கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி வெட்டி, உட்புறம் வெளியே தெரியும்படி தைத்த பிறகு திருப்ப வேண்டும். விரல்களைத் தனித்தனியே தைத்தால் திருப்பும்போது கிழிந்துவிடும் என்பதை மூன்று கைகளைக் கெடுத்த பின்னரே கற்றேன். கடைசியில் விரல்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, மேலே நூலோட்டிப் பிரித்துக் காட்டினேன். தலையின் பாரத்தில் கழுத்து துவண்டுவிடாமல் இருக்க உள்ளே ஒரு மரக்குச்சியைச் செருகி, அதைச் சுற்றிப் பஞ்சைச் சிறிது சிறிதாக அடைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் பருத்திப் பஞ்சு பூசணம் பிடித்துவிடுமோ என்று அஞ்சிச் செயற்கைப் பஞ்சையே பயன்படுத்தினேன்.

முகத்தில்தான் பல வாரங்கள் நின்றுவிட்டேன். கண்கள் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் அமைய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அவற்றை நெற்றியில் ஏற்றிவிடுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பாதிக்குக் கீழே இறக்கினால் குழந்தை முகமாகிவிடும். அதுவரை அம்மா என்றாலே படுக்கையில் கிடந்த, என்னை அடையாளம் தெரியாத முகம் மட்டுமே என் மனத்தில் வந்து நிற்கும். ஊசியைப் பிடித்தபடி, அவருடைய புருவம் எந்த இடத்தில் வளையும், சிரிக்கும்போது வாயின் எந்த ஓரம் முதலில் உயரும் என்று இரவு இரவாக யோசித்துப் பிரித்துப் பிரித்துத் தைத்தபோது, நோய்க்கு முந்தைய முகம், ஈரச்சந்தையில் மீன்காரரிடம் விடாமல் பேரம் பேசிய அந்த முகம், எனக்குத் திரும்பக் கிடைத்தது. அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன். அதன் பிறகுதான் எனக்கு உறக்கமும் வந்தது.

இதை மருத்துவம் என்று நான் சொல்லவில்லை. கலைவழிச் சிகிச்சை என்பது முறையான பயிற்சி பெற்றவர்கள் செய்வது. நம் லாசால் கலைக் கல்லூரி அத்துறையில் முதுநிலைப் பட்டக்கல்வியே வழங்கிவருகிறது. நாள்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் தவிப்பவர் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். ஆயினும் துயரத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது, பெரும்பாலோர் அந்த இடைவெளியில்தான் தனியே அமர்ந்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா வடிவமைப்பு நிலையம் சுற்றுவட்டார மீனவக் கிராமப் பெண்களுக்கு, ஆடை தைத்து எஞ்சிய துண்டுத் துணிகளில் விரல் நீளம்கூட இல்லாத சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. 'சுனாமிகா' என்று பெயரிடப்பட்ட அப்பொம்மைகள் விற்கப்படவில்லை. உழைத்த பெண்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது, பொம்மைகளோ பல நாடுகளுக்கு அன்பளிப்பாகச் சென்றன. கடலைக் கண்டாலே அஞ்சிய நாள்களில் அப்பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து தைத்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சொல்ல முடியாததை, தையலில் கண் பதித்திருக்கும்போது சொல்ல முடிகிறது. இப்போது சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து தைக்கும் மலாய்த் தோழி ஒருவர், மறைந்த கணவரின் பாத்தேக் சட்டையில் அவர் வளர்த்த பூனையைப் பொம்மையாகச் செய்துவருகிறார். கணவரைப் பற்றி முதன்முதலாக அவர் பேசியது அந்தப் பூனையின் வால் தைக்கும்போதுதான்.

இந்த வேலையைப் பிறரோடு சேர்ந்து செய்யலாம் என்று நம்பி மூத்தோருக்கான ஒரு வகுப்பிலும் சேர்ந்தேன். முன்கூட்டியே வெட்டிய துணி, ஒட்டத் தயாராக அச்சிட்ட கண்கள், ஒன்றரை மணி நேரம், முடிவில் அனைவரும் பொம்மையைத் தூக்கிப் பிடித்து ஒரு புகைப்படம். ஏற்பாட்டாளர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்த பெரியவர் கை நடுக்கத்தோடு ஒரு கண்ணை ஒட்டி முடிப்பதற்குள், மற்றொன்றைத் தொண்டூழியர் ஒட்டிவிட்டார். அந்தப் பெரியவர் பொம்மையை மேசையிலேயே விட்டுச் சென்றார்.

2030இல் நம் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கம் கூறிவருகிறது. அவர்களில் துணையையோ உடன்பிறந்தவரையோ இழந்தவர்கள் பலர் இருப்பார்கள். எனவே சமூக மன்றங்களும் முதியோருக்கான துடிப்புடன் மூப்படையும் நிலையங்களும் நம் தமிழ் அமைப்புகளும், வாரம் ஒரு முறையாகக் குறைந்தது மூன்று மாதங்கள் நீடிக்கும் பொம்மை செய்யும் குழுக்களைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துணியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். நடுங்கும் கைகளுக்குப் பெரிய காதுள்ள ஊசியும் தடித்த நூலும் வேண்டும். முடிக்க விரும்பாதவர்களை முடிக்கச் சொல்லக் கூடாது, காட்ட விரும்பாதவர்களைப் படம் எடுக்கக் கூடாது. மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர் மாதம் ஒரு முறையேனும் வந்து உடன் அமர்ந்தால் மிக நல்லது.

பொதுக் கொலு வைக்கும் கோயில்களிடமும் ஒரு வேண்டுகோள். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இணையைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, ஆண்டுதோறும் அதற்குப் புத்தாடை உடுத்தி, விஜயதசமி இரவில் படுக்கவைத்து உறங்கச் செய்த மரபு நம்முடையது. அந்த மரப்பாச்சிக்கு அருகே, இங்குள்ள முதியவர்கள் தங்கள் பழந்துணியில் செய்த பொம்மைகளுக்கும் இந்த ஆண்டு ஒரு படியை ஒதுக்கித் தாருங்கள். கோணலான கண்களோடு வந்தாலும் அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ