லிங்கன் இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்

சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து
21-10-2007

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க நெல்லையப்பரையும் காந்திமதியையும் வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டேன். உனக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று. மாப்பிள்ளைதான் எடுத்தார். நீ தூங்குவதாகச் சொன்னார். தூங்கு, நல்லதுதான். முந்தின வாரம் கூப்பிட்டபோதும் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே.

சரி, இங்கே நடந்த சேதியைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அண்ணன் என்னை வாஷிங்டனில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனான். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாக இருந்தபோது கோடைக்குப் போய்த் தங்கிய வீடு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்களாம். அதிலிருந்து பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. வருகிற பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் அந்த வேலையில் இருப்பதால் முன்கூட்டியே உள்ளே போக வாய்த்தது. அம்மாவுக்குத் தலையில் மஞ்சள் ஹெல்மெட். குட்டி சிரித்துச் சிரித்து விழுந்தான். மதினி போட்டோ எடுத்து உனக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள், பார்த்தாயா? பார்த்திருந்தால் ஒரு வரி எழுதியிருப்பாய்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தியவள் நான். லிங்கன் என்றால் மரக்குடிசையில் பிறந்தவர், 1863 ஜனவரி 1-இல் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், 1865-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். பரீட்சைக்கு அது போதும். ஒரு வீட்டுக்காரராக, ஒரு தகப்பனாக அவரை நான் யோசித்ததே இல்லை.

வெள்ளை மாளிகையிலிருந்து வடக்கே மூன்று மைல் தூரத்தில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது அந்த வீடு. 1842-இல் ரிக்ஸ் என்ற பாங்கர் தனக்காகக் கட்டியது. அப்புறம் அரசாங்கம் அந்த இடத்தை வாங்கி, ஊனமுற்ற, வயதான படைவீரர்களுக்கு இல்லம் ஆக்கியது. இன்றைக்கும் அந்த வளாகத்தில் பழைய படைவீரர்கள் இருக்கிறார்கள். கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்த ஒரு தாத்தா குட்டிக்கு சல்யூட் அடித்தார். லிங்கன் குடும்பம் 1862, 63, 64 மூன்று வருஷமும் கோடையில் வந்து, குளிர் ஆரம்பிக்கும்வரை இங்கேதான் இருந்திருக்கிறது. கீழே நகரத்தில் வெக்கையும் சதுப்பு நாற்றமும். மேலே நல்ல காற்று.

ஆனால் அவர்கள் முதல் தடவை வந்தது காற்றுக்காக மட்டும் இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் அவர்கள் பையன் வில்லி போய்விட்டான். பதினொரு வயது, டைபாய்டு. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் எடி என்று ஒரு பையனையும் பறிகொடுத்திருந்தார்கள். அந்த அம்மா, மேரி, வில்லி படுத்திருந்த அறைக்குள் பிறகு காலே வைக்கவில்லையாம். ஜூன் மாதம் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, துக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அமைதி ரொம்ப அவசியமாக இருக்கிறது என்று ஒரு சிநேகிதிக்கு எழுதியிருக்கிறாள்.

நான் அதைக் கேட்டுவிட்டு அந்தக் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அண்ணன் "அம்மா, கால் வலிக்கிறதா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ அமைதியாக இருக்க நினைப்பதை நான் தப்பே சொல்லமாட்டேன், பாப்பா. ஆனால் சேதியை மதினிக்குச் சொல்லி, மதினி அண்ணனுக்குச் சொல்லி, அண்ணன் எனக்குச் சொல்லவேண்டியதாகப் போயிற்று. அது மட்டும் மனதில் இருக்கிறது. இந்த ஐப்பசியில் நான் உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள். சரி, விடு. நெஞ்சுரம் உள்ள பெண், தனியாகவே அத்தனை தூரம் போய்ப் படித்து, வேலை தேடிக்கொண்டவள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்தான். இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நெஞ்சுரம் உள்ளவள் அழக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உள்ளே சாமான் ஏதும் இல்லை. லிங்கனுக்குப் பிறகு அது நோயாளிகள் படுக்கும் இடமாக, விடுதியாக, ஆபீசாக எல்லாம் இருந்திருக்கிறது. ஒவ்வொருத்தர் வந்தபோதும் பழைய பெயிண்டின் மேலேயே புதுப் பெயிண்ட். ஒரு சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு, படிப்படியாகச் சுரண்டி வைத்திருந்தார்கள். வெள்ளை, அதற்கு அடியில் பச்சை, அடியில் ஒரு மங்கல் மஞ்சள், கடைசியில் மரம். அந்த வேலையை மெஷின் வைத்துச் செய்வதில்லையாம். ஒரு பெண் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, முழங்காலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். அவசரப்பட்டால் அடியில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும் என்றாள். நூலக அறையில் அலமாரிகள் எங்கே நின்றன என்பது மரத்தில் பதிந்த தடத்தை வைத்துத்தான் தெரிந்ததாம். லிங்கன் எழுதிய மேஜை இப்போது வெள்ளை மாளிகையில் இருக்கிறது. இங்கே அதே மாதிரி ஒன்று செய்து வைக்கப் போகிறார்கள். விடுதலைப் பிரகடனத்தைப் பற்றி அவர் யோசித்ததும் எழுதிப் பார்த்ததும் அந்த முதல் கோடையில்தான். பிள்ளை போன அதே வருஷம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே, அப்போது நடந்த உள்நாட்டுப் போரில் செத்த வீரர்களின் கல்லறைத் தோட்டம். 1861-இல் ஆரம்பித்தது. மூன்று வருஷத்தில் 5,000 பேருக்கு மேல் புதைத்து இடம் நிரம்பிய பிறகுதான் ஆர்லிங்டனுக்குப் போனார்களாம். அமைதி தேடி வந்தவர்களின் கண்ணெதிரே தினமும் மண் தோண்டியிருக்கிறார்கள். அந்த அம்மா எப்படித் தாங்கினாளோ. ஆனால் அவள் உட்கார்ந்தே இருக்கவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் போய் அடிபட்டவர்களுக்குப் பழம் கொடுத்திருக்கிறாள், அவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாடப் புத்தகத்தில் அவள் பெயர்கூடக் கிடையாது.

அவளுக்குத் துணி தைத்துக் கொடுத்த எலிசபெத் கெக்லி என்ற பெண்ணைப் பற்றியும் சொன்னார்கள். அடிமையாகப் பிறந்து, காசு சேர்த்துத் தன்னைத் தானே மீட்டுக்கொண்டவள். வில்லியின் உடம்பைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் அவளுடைய ஒரே மகன் போரில் செத்திருக்கிறான். அவள் எழுதி வைத்திருக்கிறாள்: மேரி அழுது அழுது ஓயாதபோது, லிங்கன் அவளை ஜன்னலுக்கு அழைத்துப் போய், தூரத்தில் தெரிந்த மனநோய் ஆஸ்பத்திரியைக் காட்டி, துக்கத்தை அடக்கிக்கொள், இல்லாவிட்டால் உன்னை அங்கே அனுப்ப வேண்டிவரும் என்றாராம். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தால் என்ன, அப்படிச் சொல்லலாமா? பக்கத்தில் நின்று மேரியைப் பார்த்துக்கொண்டது கெக்லிதான்.

ஆனால் இன்னொன்றும் சொன்னார்கள். கப்பல் விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு ராணுவ அதிகாரி, அவள் உடலைத் தேடிப் போக அனுமதி கேட்டு இந்த வீட்டுக்கே ராத்திரி வந்திருக்கிறார். எனக்கு ஓய்வே கிடையாதா என்று லிங்கன் எரிந்து விழுந்து அனுப்பிவிட்டார். மறுநாள் விடிந்ததும் அந்த அதிகாரி தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டு, வேண்டியதைச் செய்து கொடுத்தாராம். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தானே. ஆம்பிளைகளுக்குப் பல சமயம் துக்கம் கோபமாகத்தான் வெளியே வரும். மாப்பிள்ளை ஏதாவது சுள்ளென்று சொன்னால் அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. நேற்று போனில் அவர் குரலும் நன்றாக இல்லை. யார் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள்? நீ கேள். அவர் உன்னைக் கேட்கட்டும். ரெண்டு பேரும் ரெண்டு அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறதாம். சித்தி வீட்டிலிருந்து சாப்பாடு போகிறது. உன் பேச்சு வந்தால் மட்டும் போனை வைத்துவிடுகிறார். குட்டிக்கு லிங்கனின் கடைசிப் பையன் டாட் மேல் பிரியம் வந்துவிட்டது. காவலுக்கு இருந்த சிப்பாய்கள் அவனை மூன்றாவது லெப்டினன்ட் என்று கூப்பிடுவார்களாம். இவனும் இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் பால் குடிக்கிறான். வேறு விசேஷம் இல்லை.

பாப்பா, அந்த விசா டிசம்பர் கடைசிவரை செல்லும். நான் ரத்து செய்யவில்லை. வரவேண்டாம் என்று நீ சொன்னது ஆவணியில், அன்றைக்கு இருந்த மனதில் சொன்னது. இங்கிருந்தே மெல்போர்னுக்கு டிக்கெட் போட்டுத் தருவதாக அண்ணன் சொல்கிறான். வந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ரசம் வைப்பேன், தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவேன், நீ பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன். லேகியத்துக்கு வாங்கிய சாமானை எல்லாம் சித்தியிடம் கொடுத்துவிட்டேன், அது உன் கண்ணில் படாது.

நீ போனுக்கு வர வேண்டாம். அடுத்த சனிக்கிழமை ராத்திரி இதே நேரத்துக்குக் கூப்பிடுவேன். "அம்மா வரட்டும்" என்று மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லி வை. நவம்பர் இரண்டாம் வாரம் என்றால் டிக்கெட் கொஞ்சம் மலிவாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா