ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மகேந்திரகிரி

குமரி மாவட்டப் பள்ளிகளின் புவியியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் பேத்தி மகேந்திரகிரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். உயரம் 1,501 மீட்டர், கிழக்குத் தொடர்ச்சி மலை என்று இருந்தது. அது ஒடிசாவில் இருக்கும் மகேந்திரகிரி. தோவாளையில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. 1,600 மீட்டரைத் தாண்டியது. குழந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மலையைக் கைநீட்டிக் காட்டி இதுவரை யாரும் அவளுக்குப் பாடம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

ராக்கெட் எஞ்சின் சோதனைச் செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பெயரைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இஸ்ரோவின் அந்த வளாகம் மலைக்கு அப்பால், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. இப்பால் நாம் இருக்கிறோம். இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லையே அந்த மலைமுகடுதான்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது எதனால்? ஆனி, ஆடியில் அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் இந்த மலைவரிசையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, நம் பக்கம் பெய்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. மலைக்குக் கிழக்கே ராதாபுரம் பக்கம் தென்மேற்கு மழை ஏமாற்றிவிடும். காற்று மட்டும்தான் போய்ச் சேரும். மகேந்திரகிரிக்குத் தெற்கே மலை சட்டென்று தாழ்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் திறக்கிறது. அகன்ற வெளியில் வந்த காற்று அந்த இடுக்கில் நெருங்கி வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அந்த இடுக்கே காரணம். இதைவிட நல்ல மழைமறைவுப் பாடம் எந்த நூலில் கிடைக்கும்? ஆடி மாதத்தில் பூதப்பாண்டியில் குடை பிடித்துப் பஸ் ஏறும் மாணவன், கணவாயைத் தாண்டிக் காவல்கிணற்றில் இறங்கும்போது பெரும்பாலும் குடையை மடக்கிவிடுவான்.

பழையாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மலைகளில் பிறந்து, சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் கடல் சேரும் ஆறு அது. ஊற்று முதல் கழிமுகம் வரை ஒரே மாவட்டத்துக்குள் முடிந்துவிடுவதால், ஓர் ஆற்றின் முழு வாழ்வையும் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன். பிள்ளைகளை மேலே அழைத்துப் போகாதீர்கள். அது காப்புக்காடு, யானையும் கரடியும் நடமாடும் இடம். மனிதக் கால் அதிகம் படாததால்தான் அங்கே சோலையும் சுனையும் மிஞ்சியிருக்கின்றன. அடிவாரத்தில் நின்றாலே போதும்.

வரும் ஆனியில், சாரல் விட்டு மலை தெளிகிற ஒரு காலையில், வகுப்பை வெளியே கூட்டி வாருங்கள். முகட்டின் கோட்டை அவர்களே பார்த்து வரையட்டும். கணவாய் எங்கே தாழ்கிறது என்று அவர்களே குறிக்கட்டும். தோவாளைப் பக்கம் வருவதாக இருந்தால் எங்கள் வீட்டு மாடி திறந்தே இருக்கும்.

அன்புடன்,
தோவாளையிலிருந்து ஒரு தாத்தா