படகு இரவில் எங்கே கிடக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபைபர் (கண்ணாடி இழை) படகுக்குப் பதில் அலுமினியப் படகு எடுக்கலாமா என்ற கேள்வி மீனவர்களிடையே எழுகிறது. "துருப்பிடிக்காது, உடையாது, ஆயுசுக்கும் செலவில்லை" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் பூத்துப் பொத்தலாகிவிடும்" என்று மறு பக்கம் சொல்கிறார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை. கடன் வாங்கிப் படகு எடுக்கும் குடும்பத்துக்குப் பாதி உண்மை போதாது.

விலையைக் கேட்பதற்கு முன், படகு இரவில் எங்கே கிடக்கப்போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மணலில் ஏறிக் கிடக்குமா, துறைமுகத்திலோ முகத்துவாரத்திலோ மிதந்தபடி நிற்குமா, அணைத் தண்ணீரில் கட்டிக் கிடக்குமா? பதில் அநேகமாக இதிலேயே கிடைத்துவிடும்.

சோழமண்டலக் கரையில் பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. அலையை உடைத்துக்கொண்டு வெளியே போய், அதே அலை மேல் ஏறிக் கரைக்கு வந்து, மணலில் இழுத்து வைக்கிறார்கள். இங்கே இன்றைக்கும் ஃபைபர்தான் சரி என்பது என் துணிபு. அலை அடிக்கும்போது அலுமினியத் தகடு ஒவ்வொரு முறையும் சற்று வளைந்து மீள்கிறது. உள்ளே இருக்கும் வங்குக்கால் (குறுக்குச் சட்டம்) முடிகிற இடத்திலும் பற்றவைத்த கோட்டின் ஓரத்திலும் அந்த வளைவு குவிந்து, காலப்போக்கில் மயிரிழை போல விரிசல் விடும். அதைச் சரிசெய்ய ஆர்கான் வாயு வைத்துப் பற்றவைக்கும் இயந்திரமும், அலுமினியம் பழகிய கையும் வேண்டும். ஃபைபரில் பொத்தல் விழுந்தால் மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பும் அதை இறுகப் பிடிக்கும் ரெசின் பிசினும் இருக்கிற எந்தக் கடலோர ஊரிலும் இரண்டே நாளில் அடைத்துவிடலாம்.

மேட்டூர் போன்ற நீர்த்தேக்கத்தில் கணக்கு மாறுகிறது. நீர்மட்டம் இறங்கும்போது பாறையும் மரமுண்டும் தலை காட்டும். ஃபைபர் அதில் மோதினால் கிழியும். நல்ல அலுமினியத் தகடு நசுங்கும், ஆனால் தண்ணீர் விடாது. நன்னீரில் அரிப்பும் குறைவு. பொதுவாக எடை குறைவு என்பதால் இருவர் சேர்ந்து கரையேற்றலாம். பரிசலுக்கு அடுத்த படியாக ஒரு படகு தேடுகிறவர்கள் அங்கே அலுமினியத்தைத் தயங்காமல் பார்க்கலாம்.

துறைமுகத்தில் மிதந்தபடி நிற்கும் படகுக்கு இரண்டுமே ஒத்துவரும், இரண்டுக்குமே ஆபத்தும் உண்டு. தினமும் மணலில் ஏறிக் காயும் ஃபைபர் படகில் நீர்க்கொப்புளம் அரிது. மாதக்கணக்கில் மிதக்கும் படகில்தான் ஜெல் கோட் எனும் வெளிப்பூச்சுக்கு அடியில் காசளவு கொப்புளங்கள் கிளம்பும். குத்தினால் வினிகர் போலப் புளித்த வாடையுடன் நீர் வரும். அலுமினியத்துக்கு அங்கே எதிரி மின்சாரம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கடலுக்கு ஏற்ற தகடு 5083 அல்லது 5086 எண் கொண்ட கலவை. மக்னீசியம் கலந்தது, செம்பு மிகக் குறைவு. உள்ளே தாங்கும் சட்டங்களுக்கு 6061 வரலாம். பாத்திரத் தகடோ, செம்பு கலந்த 2024 போன்ற விமானத் தகடோ கடலுக்கு ஆகாது. தகட்டில் அச்சிட்ட எண்ணையும் ஆலைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பற்றவைக்கும் கம்பி 5356 அல்லது 5183 ஆக இருக்க வேண்டும். பற்றவைக்காமல் ரிவெட் ஆணி அறைந்து இணைத்த படகு அணைக்குப் போதும். அலையில் அந்த ஆணிகள் தளர்ந்து ஒவ்வொன்றாகக் கசியும்.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படியும் ஆக்சைடுப் படலம். கீறினாலும் காற்றுப் பட்டதும் அது மறுபடி உண்டாகும். காற்றுப் படாத ஈரத்தில்தான் அது தோற்றுப்போகிறது. தளப்பலகைக்கு அடியில் தங்கிய ஈர மணல், உள்ளே விரித்த ஈரச் சாக்கு, தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் ரப்பர் விரிப்பு, இவற்றுக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். ஆகவே தளப்பலகை கழற்றும்படி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். மீன் வாடை போக பிளீச்சிங் பவுடர், சலவைச் சோடா போடும் பழக்கம் ஃபைபரோடு நிற்கட்டும். அலுமினியத்துக்கு இரண்டுமே கெடுதல். சிமென்ட் தரையில் நேராக வைப்பதும் கெடுதல்.

அடுத்தது செம்பு. உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் கரைந்துபோகும். கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) ஒட்டாமல் இருக்க ஃபைபர் படகுக்கும் மரப் படகுக்கும் அடிக்கிற செம்புப் பெயின்டை அலுமினியத்தில் அடிக்கவே கூடாது. செம்பு இல்லாதது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். பித்தளை வால்வு, பித்தளை ஆணி எதுவும் நேராகத் தொடக்கூடாது. பேட்டரிப் பக்கம் சீவிய செம்புக் கம்பித் துணுக்கு படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் விழுந்து கிடந்தாலே அந்த இடத்தில் ஊசிப் பொத்தல் விழும். வலையின் ஈயக் குண்டுகளையும் ஈரத்தோடு தகட்டின் மேல் குவித்து வைக்காதீர்கள். மருந்தூட்டிய பலகைகள் சிலவற்றில் செம்பு உப்பு இருப்பதால் அவற்றையும் தகட்டோடு சேர்த்து முடுக்கக்கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் தவிர்க்க முடியாதது. ஆனால் நைலான் புஷ், நைலான் வாஷர் போட்டு, துளைக்குள் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்பி முடுக்க வேண்டும். அப்படிச் செய்யாத போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தால், உள்ளே துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எதற்கும் படகின் உடலை எர்த் ஆக்கக்கூடாது. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டும் பேட்டரிக்கே வர வேண்டும். கரைக்கு வந்ததும் மெயின் சுவிட்சை அணையுங்கள். கசியும் மின்சாரம் சில வாரங்களிலேயே தகட்டைத் தின்னும்.

தகட்டுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும்படி பலிகொடுக்கிற ஜிங்க் (துத்தநாக) கட்டியைக் கடல் படகுக்குத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முடுக்க வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்தால் போட்டதற்கே பயனில்லை. நன்னீரில் ஜிங்க் மேல் ஆடை படிந்து வேலை செய்யாது. அணைப் படகுக்கு மக்னீசியக் கட்டி. அதே மக்னீசியத்தைக் கடலில் போட்டால் வேகமாகத் தீர்ந்து, அளவுக்கு மீறி வேலை செய்து பெயின்டை உரித்துவிடும். பழவேற்காடு போல உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் இடத்துக்கு இதற்கென வார்த்த அலுமினியக் கட்டியே பொருத்தம்.

ஃபைபர் பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணப் படகுகள் கொத்துக்கொத்தாக வந்தன. அவசரத்தில் வார்த்த மெல்லிய படகுகளும் அதில் கலந்திருந்தன. அப்போது கேட்காமல் விட்ட கேள்விகளை இப்போதாவது கேட்க வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் தரும்; 610 கிராம் ரோவிங் (கண்ணாடி இழையில் நெய்த துணி) முக்கால் மில்லிமீட்டர். நான்கு மேட், மூன்று ரோவிங் என்றால் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஒரு கிலோ ரெசின், அதே அளவு ரோவிங்குக்கு 600 முதல் 700 கிராம். வலு கண்ணாடியில் இருக்கிறது. ரெசினை அள்ளி ஊற்றித் தடிமன் காட்டினால் படகு கனக்கும், ஆனால் நொறுங்கும். வெளி அடுக்குகளுக்காவது ஐசோ ரெசின் கேளுங்கள். சாதா ரெசின் தண்ணீரை எளிதில் உள்ளே விடும்.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும் என்று பயந்து 10க்குக் கீழே போனால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே குவளையில் நேராகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஃபைபர் படகு முதலில் சாகும் இடம் எஞ்சின் தாங்கும் பின்பலகை. உள்ளே இருப்பது பிளைவுட். எஞ்சின் போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே மக்கிவிடும். சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள்: கணீர் என்றால் நலம், பொத்தென்று ஒலித்தால் அழுகல். பிளைவுட் கடல் தரத்துக்கான ஐஎஸ் 710 முத்திரையோடு இருக்கட்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் துளை போட்டு, எபாக்சி நிரப்பி இறுகவிட்டு, அதன் நடுவில் 10 மில்லிமீட்டர் துளை போடுங்கள். அரை நாள் கூடுதல் வேலை. போல்ட் வழியே பிளைவுட்டில் ஈரம் இறங்காது.

இரண்டாவது இடம் ஏராக்கட்டை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு. மணல் அதை அரம் போலத் தேய்க்கும். ஜெல் கோட் போய்க் கண்ணாடி இழை தெரிந்த அன்றே படகைக் காயவைத்து மேலே இரண்டு மேட் போடுவது மலிவு. விட்டால் இழை வழியே தண்ணீர் உள்ளுக்குள் ஊறிப் போகும்.

பொத்தலை அடைக்கும்போது நடக்கும் பெரிய தவறு, சுற்றிலும் தேய்க்காமல் மேலே ஒட்டுப் போடுவது. தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் படகுக்குச் சுற்றிலும் 7 சென்டிமீட்டர். 40ஆம் எண் உப்புத்தாள், பிறகு அசிட்டோன் துடைப்பு. முதல் அடுக்கு மேட்டாகத்தான் இருக்க வேண்டும். ரோவிங் பழைய பரப்பில் சரியாகப் பிடிக்காது. கடைசி அடுக்கின் மேல் மெழுகு கலந்த ரெசின் பூசுங்கள், அல்லது பாலியஸ்டர் தாள் விரியுங்கள். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். மழை ஈரத்தில் இந்த வேலை வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எந்தப் படகானாலும் மிதவை அறைக்குள் பாலியூரித்தேன் நுரை இருக்கட்டும். தெர்மோகோலைப் பெட்ரோலும் ரெசினும் கரைத்துவிடும்.

அலுமினியத்துக்கு ஒரு பெருமையை மறைக்கக்கூடாது. ஆயுள் முடிந்த பின் அது எடைக்கு விலை போகும். ஃபைபர் படகின் கூட்டை உருக்கி மீண்டும் வார்க்க வழியில்லை. கரையோரம் கவிழ்ந்து கிடக்கும் பழைய கூடுகளைப் பார்த்தாலே இது புரியும்.

மீன்வளத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மானியப் படகுக்கான ஆணையில் "தரமான படகு" என்று மட்டும் எழுதாதீர்கள். தகட்டின் கலவை எண், தடிமன், ரெசின் வகை, மேட் எத்தனை, ரோவிங் எத்தனை, பிளைவுட் முத்திரை என்று எழுதுங்கள். வடிகால் துளை போடும்போது விழும் வட்டத் துண்டைப் படகுக்காரர் முன்னிலையில் எடுத்து வைத்து, எடை போட்டு, திறந்தவெளியில் புகை படாமல் நின்று எரித்துப் பாருங்கள். ரெசின் எரிந்துபோய்க் கண்ணாடி அடுக்குகள் ஏடு ஏடாகப் பிரியும், விரலால் எண்ணலாம். மிஞ்சிய கண்ணாடி முதல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தாலோ, ரெசினில் கலப்படமாகச் சேர்த்த வெள்ளைத் தூள் கை நிறையக் கொட்டினாலோ, அந்தப் படகுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்