சார்லஸின் அப்பத்தாவைப் பற்றி உனக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

மனநல மருத்துவ மேற்படிப்பில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. உன்னைப் போல வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

பேட்டன்பர்க் இளவரசி ஆலிஸ். எலிசபெத் ராணியின் மாமியார், அதாவது அவர் கணவர் பிலிப்பின் அம்மா, இன்றைய மன்னர் சார்லஸின் அப்பத்தா. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்குக் கூடப்பிறந்த அக்கா. 1885-ல் விண்ட்சர் கோட்டையில் பிறந்தபோது கொள்ளுப்பாட்டி விக்டோரியா மகாராணி பக்கத்திலேயே இருந்தாராம். பிறவியிலேயே காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகினார். முதலில் இங்கிலீஷும் ஜெர்மனும், கல்யாணத்துக்குப் பிறகு கிரேக்கமும்.

இப்படிப்பட்டவரை, "பிலிப்போட அம்மாவா? அவங்களுக்குப் பைத்தியம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

1903-ல் கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூவைக் கட்டிக்கொண்டார். பால்கன் போரில் போர்முனை மருத்துவமனைகளை அமைத்து, அறுவை சிகிச்சைகளில் கூடவே நின்று உதவினார். அதற்காக 1913-ல் பிரிட்டன் அவருக்கு ராயல் ரெட் கிராஸ் விருது கொடுத்தது. 1922-ல் குடும்பத்தோடு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. நாலு பெண்கள், கடைசியாகப் பிறந்த கைக்குழந்தை பிலிப். பாரிஸ் பக்கத்தில், கணவரின் அண்ணி கொடுத்த வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள்.

நீ நின்று படிக்க வேண்டியது 1930. கடவுள் தன்னிடம் பேசுகிறார், தன் கைக்கு நோய் தீர்க்கும் சக்தி இருக்கிறது என்று ஆலிஸ் சொல்ல ஆரம்பித்திருந்தார். நோயே இல்லை என்று நான் வாதாடவில்லை, உதவி தேவைப்பட்டிருக்கும். டாக்டர்கள் 'பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா' (இல்லாததை நிஜம் என்று நம்ப வைக்கும் மனச்சிதைவு நோய்) என்று எழுதினார்கள். முதலில் பெர்லின் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. பிறகு மே மாதம், அவர் விருப்பத்துக்கு விரோதமாக, சுவிட்சர்லாந்தில் க்ரொய்ட்ஸ்லிங்கனில் இருந்த பின்ஸ்வாங்கர் என்ற டாக்டரின் மனநல விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃப்ராய்டிடமும் யோசனை கேட்டார்கள். கோளாறுக்குக் காரணம் பாலியல் ஏக்கம், கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சினைப்பைகளுக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்து அதை அடக்குங்கள் என்றார் அந்த மேதை. ஆலிஸுக்கு அப்போது 45 வயது. எனக்கு ஒன்றுமில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார், தப்பிப் போகவும் பார்த்தார். நாலு பெண்களுக்கும் அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் நடந்தது. ஒன்றுக்குக்கூட அம்மா இல்லை. ஒன்பது வயதுகூட நிரம்பாத பிலிப் இங்கிலாந்துச் சொந்தக்காரர்களிடம் வளரப் போனான்.

1932-ல் வெளியே வந்தார். 1937-ல் நிறைமாதக் கர்ப்பிணியான மகள் செசிலி, மாப்பிள்ளை, இரண்டு பேரன்கள், சம்பந்தியம்மாள் எல்லோரும் ஒரே விமான விபத்தில் போய்விட்டார்கள். ஒரு தாய் எவ்வளவைத்தான் தாங்குவாள்! அடுத்த வருஷம் ஆலிஸ் தனியாக ஏதென்ஸ் திரும்பினார்.

1943-ல் ஜெர்மன்காரர்கள் ஏதென்ஸில் யூதர்களைத் தேட ஆரம்பித்தபோது, ராஷேல் கோஹென் என்ற விதவையையும் அவர் மகளையும் தன் வீட்டில் ஒளித்து வைத்தார். பின்னால் ஒரு மகனும் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளைகள் ஜெர்மனி பக்கம், மகன் பிரிட்டிஷ் கடற்படையில். ஹிட்லரின் ரகசிய போலீஸான கெஸ்டபோவுக்குச் சந்தேகம் வந்து விசாரித்தது. ஜெர்மனை உதட்டிலிருந்தே படிக்கிற மனுஷி, கேட்ட கேள்வி எதுவுமே விளங்காதவர் போல உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மறைந்திருந்து அந்தக் குடும்பம் பிழைத்தது. 'மனம் பேதலித்தவர்' என்று பூட்டி வைத்தார்களே, அவருடைய நிதானத்தைப் பார்!

1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் சண்டை. ஊரடங்கையும் மீறி உணவுப்பொருள் கொடுக்க நடந்துபோனவரை, குண்டு பட்டுவிடும் என்று தடுத்தார்கள். "நம்மைக் கொல்லும் குண்டின் சத்தம் நமக்குக் கேட்காதாம். எனக்குத்தான் எந்தச் சத்தமும் கேட்காதே, அப்புறம் என்ன கவலை?" என்றாராம்.

1949-ல் செவிலியர் சந்நியாசினிகளுக்கென ஒரு சபை ஆரம்பித்தார். 1953-ல் மருமகளின் முடிசூட்டு விழாவுக்கும் சாம்பல் நிறத் துறவு உடையில்தான் போனார். இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, 1969-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் கண்ணை மூடினார். ஜெருசலேமில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் எப்படி வந்து பார்ப்பது என்று மகள் குறைபட்டபோது, "அருமையான பஸ் வசதி இருக்கிறதே" என்றாராம். 1988-ல் அந்த ஆசை நிறைவேறியது. 1994-ல் ஜெருசலேமில் இருக்கும் யூதப் படுகொலை நினைவகமான யாத் வாஷெம் அவரை கௌரவித்தபோது பிலிப் நேரில் போனார். தான் செய்தது ஏதோ விசேஷமான காரியம் என்று அம்மாவுக்குத் தோன்றியே இருக்காது என்றார்.

பாப்பா, வேலையில் சேர்ந்ததும் எனக்கு ஒன்று விசாரித்துச் சொல். காது கேட்காத ஒருவர் உங்கள் வார்டுக்கு வந்தால் யார் பேசுவார்கள்? சைகை மொழி தெரிந்தவர் உண்டா, இல்லை கூட வந்த சொந்தக்காரர் சொல்வதைத்தான் எழுதிக்கொள்கிறார்களா? ஆள் இல்லையென்றால் நீயே கற்றுக்கொள். வகுப்புக்கான பணத்தை நான் கட்டுகிறேன்.

அன்புடன்,
சித்தி